பிடித்த மீனுக்குச் செதில் நீக்கும் முறைகளும் கருவிகளும்

(பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் உழவர்களுக்கான பயிற்சி நாளில் நிகழ்த்திய உரை)



குஞ்சு விடுவது, எரு இடுவது, தீவனம் கொடுப்பது, நீரின் பதம் பார்ப்பது ஆகியவை பற்றி இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது என்று உங்களுக்குத் தோன்றலாம். பிடித்த மீனின் செதிலை எப்படி எடுப்பது என்பதுதான் அது. "இதையும் ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்து வருகிறோமே!" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் குழம்புக்கு இரண்டு மீனை ஆய்வது வேறு. விலைக்கு விற்பதற்காக ஒரே காலையில் ஐம்பது மீனை ஆய்வது வேறு. வீட்டில் தோல் கிழிந்தால் குழம்பு கெட்டுவிடாது. கரையில் தோல் கிழிந்தால் விலை இறங்கிவிடும்.

ஒரு கோடைக் காலையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கடைமடைப் பகுதியில் ஒரு பண்ணைக்குட்டை அறுவடைக்குச் சென்றிருந்தேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டு, ஏறத்தாழ பத்து மாதம் வளர்த்த மீன். விடியற்காலையில் வலை இழுத்தார்கள். நல்ல எடை. வீட்டாருக்கும் மகிழ்ச்சி, பார்த்தவர்களுக்கும் மகிழ்ச்சி. பிடித்த மீனை எல்லாம் கரையில் மண்மேல் குவித்தார்கள். எடைத் தராசு வர நேரமாயிற்று. வெயில் ஏறியது. ஒன்பது மணிக்கு மேல்தான் வாங்குவோர் வந்தார்கள். அவர்களில் பலர், "ஆய்ந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள்.

வீட்டு அம்மாளும் அவருடைய மருமகளும் உட்கார்ந்து செதில் எடுக்கத் தொடங்கினார்கள். செதில் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியை அழுத்தினார்கள். செதிலோடு தோலும் பிய்ந்து வந்தது. சதை வெளியே தெரிந்தது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நேற்றுப் பிடித்த மீன்" என்று சொல்லிப் போய்விட்டார். அது அன்று காலை பிடித்த மீன்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்பார் இல்லை. அவசரத்தில் கத்தி வழுக்கி மருமகளின் கட்டைவிரலில் ஆழமாக வெட்டியது. அதன்பின் ஒரு வாரத்துக்கு அந்தப் பெண்ணால் களை எடுக்கப் போக முடியவில்லை.

பத்து மாத உழைப்பில் ஒரு குறையும் இல்லை. கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் குறை வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

செதில் எப்படி அமைந்திருக்கிறது?

கீற்று வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாக வேய்கிறோம். ஒவ்வொரு கீற்றின் மேல்முனையும் கட்டப்பட்டிருக்கும், கீழ்முனை விடுபட்டிருக்கும். மீனின் செதிலும் அப்படியே. அதன் முன்முனை தோலில் உள்ள சிறு பையில் செருகியிருக்கிறது. பின்முனை வால் பக்கம் நோக்கி விடுபட்டிருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் தண்ணீர் தலையிலிருந்து வாலை நோக்கி வழுக்கி ஓடுகிறது.

கூரையிலிருந்து கீற்றைப் பிரிக்க வேண்டுமானால் தாழ்வாரத்துப் பக்கமிருந்து மேல்நோக்கிக் கைவிட்டுக் கிளப்புவோம். மேலிருந்து கீழாகத் தள்ளினால் கீற்று படியுமே தவிர எழாது. ஆகவே மீனிலும் வாலிலிருந்து தலையை நோக்கித்தான் சீவ வேண்டும். இதற்கு வலு வேண்டியதில்லை. கருவியின் முனை செதிலின் விடுபட்ட விளிம்புக்குக் கீழே நுழைந்தால் போதும். செதில் தானே எழும்பும்.

இன்னொரு செய்தி. மீன் வளரும்போது செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கிற செதில்களே பெரிதாகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் உடலின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டில் ஏறத்தாழ 40 செதில்கள் இருக்கும். கால் கிலோ மீனிலும் அத்தனைதான், மூன்று கிலோ மீனிலும் அத்தனைதான். எனவே ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனில் செதில் எடுப்பது சிறிய மீனில் எடுப்பதைவிட எளிது. கூலிக்கு ஆள் வைக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

செதிலின் மேல் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. மீன் ஈரமாக இருக்கும்வரை இந்தப் படலம் இளகியிருக்கும். செதிலும் எளிதில் வரும். வெயிலும் காற்றும் பட்டு உலர்ந்துவிட்டால் அதே படலம் பசைபோல இறுகிச் செதில்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்தக் குட்டைக்கரையில் நடந்தது இதுதான்.

செதில் எடுக்கக் கூடாத மீன் எது?

செதிலைப் போக்கும் முறைக்கு முன்னால், எந்த மீனில் செதிலை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொலைவில் உள்ள சந்தைக்கோ மொத்த வியாபாரிக்கோ போகும் மீனில் ஒரு செதிலைக்கூட எடுக்காதீர்கள். செதிலும் தோலும் மீனுக்கு இயற்கை கொடுத்த உறை. அந்த உறையைக் கிழித்தால் நுண்ணுயிர்கள் சதைக்குள் புகுவதற்கு வழி ஏற்படுகிறது. அத்துடன், செதில் உதிர்ந்த மீனைப் பார்த்த வியாபாரி அதை முரட்டுத்தனமாகக் கையாண்ட மீன் என்றே கருதுவார்.

ஆகவே வலையிலிருந்து மீனை எடுக்கும்போதே கவனம் தேவை. தரையில் வீசக் கூடாது. சாக்கில் அடைத்து மிதிக்கக் கூடாது. கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நசுக்கக் கூடாது. கழுவிய முழு மீனை, ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உடைத்த பனிக்கட்டி என்ற அளவில், அடுக்கு மாற்றி அடுக்கிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். உருகிய நீர் வடிவதற்குப் பெட்டியின் அடியில் துளை இருக்கட்டும்.

கரையிலேயே வாங்கி, அன்றைக்கே சமைக்கப்போகிறவருக்கு மட்டும் அவர் கண்முன்னே செதில் எடுத்துக் கொடுங்கள். முன்கூட்டியே ஐம்பது மீனை ஆய்ந்து அடுக்கி வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது தவறு. விற்காத மீன் முழு மீனாகவே பனிக்கட்டியில் இருக்கட்டும்.

பிடித்தவுடன் செய்ய வேண்டியவை

உயிரோடு துள்ளும் மீனில் செதில் எடுப்பதைச் சிலரிடம் பார்க்கிறோம். அது மீனுக்குக் கொடுமை; நமக்கும் நட்டம். துள்ளித் துடித்து இறந்த மீனின் சதையில் சேமிப்புச் சத்து தீர்ந்துவிடுவதால் அது விரைவில் விறைத்து விரைவில் கெடும். வலை இழுப்பதற்கு முன்பே ஒரு பெரிய தொட்டியில் உடைத்த பனிக்கட்டியையும் நல்ல தண்ணீரையும் சம அளவில் கலந்து தயாராக வைத்திருங்கள். பிடித்த மீனை உடனே அதில் போட்டால் சற்று நேரத்தில் அசைவு அடங்கி இறந்துவிடும். தொட்டியில் இருக்கும்வரை உலரவும் உலராது. செதில் எடுக்கும்போது ஒவ்வொரு மீனாக வெளியே எடுத்தால் போதும்.

இறந்த மீனின் உடல் முதலில் தளர்வாக இருக்கும், பின்பு விறைக்கும், அதன்பின் மறுபடியும் தளரும். விறைத்திருக்கும் மீனை நேராக்குவதற்காக வளைத்து முறிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே சதை அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். வெட்டும்போது துண்டு உதிரும். விறைத்த மீனை அதன் போக்கிலேயே பலகையில் படுக்கவைத்துச் செதில் எடுங்கள்.

மீனுக்கு மீன் வேறுபாடு

நம் குட்டைகளில் வளரும் மீன்கள் எல்லாம் செதிலில் ஒன்றுபோல இருப்பதில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் செதில் பெரியது, விளிம்பு வழவழப்பானது. ஈரமாக இருந்தால் கத்தியின் முதுகுக்கே வந்துவிடும். 1959-ஆம் ஆண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட புல் கெண்டைக்கும் செதில் பெரியதுதான். அதே ஆண்டில் வந்த வெள்ளிக் கெண்டையின் செதில் மிகச் சிறியது, தொட்டாலே உதிரும். அதற்குப் பல் வைத்த கருவி வேண்டாம், கரண்டியே போதும். பல் வைத்த கருவியை அழுத்தினால் அதன் மெல்லிய தோல் கீறிப்போகும்.

சாதாக் கெண்டையில் உடல் முழுவதும் செதில் உள்ளதும் உண்டு; அங்கங்கே சில பெரிய செதில்கள் மட்டும் உள்ள கண்ணாடிக் கெண்டையும் உண்டு. கண்ணாடிக் கெண்டை 1939-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மலைப்பகுதி உழவர்களுக்கு இது பழக்கமான மீன். இதில் முதுகோரத்திலும் துடுப்புகளின் அடியிலும் உள்ள செதில்களைக் கரண்டி விளிம்பால் கிளப்பி எடுத்தால் வேலை முடிந்தது.

திலேப்பியாவின் முதுகுத் துடுப்பில் கூரிய முட்கள் உண்டு. செதில் எடுக்கத் தொடங்குமுன் அந்த முட்களைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். உவர்நீர்க் குட்டைகளில் வளரும் கொடுவாவின் செதில் கெட்டியாகப் பற்றியிருக்கும். செதிலின் விளிம்பிலேயே நுண்ணிய பற்கள் உண்டு. அதற்குப் பல் வைத்த சுரண்டி தேவை.

விரால் மீனில் வழுவழுப்பு அதிகம், கை நழுவும். முதலில் கல் உப்பையோ சலித்த அடுப்புச் சாம்பலையோ தேய்த்து வழுவழுப்பைப் போக்கிக் கழுவிவிட்டுப் பிறகு செதிலில் கை வையுங்கள். கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அதைச் சொரசொரப்பான கல்லில் உப்பிட்டு உரசினால் போதும். ஆனால் அதன் முள்ளுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கருவிகள்

கடைக்குப் போய்ப் பணம் செலவழித்தால்தான் நல்ல கருவி கிடைக்கும் என்பதில்லை. வீட்டில் உள்ளதிலிருந்தே தொடங்குவோம்.

கத்தியின் முதுகு: அலகின் கூர்ப்பக்கத்தால் செதில் எடுப்பதே தோல் கிழிவதற்கு முதல் காரணம். கத்தியைத் திருப்பி, மழுங்கிய முதுகால் சீவுங்கள். பிடி உறுதியாகவும் அலகு சற்றுக் கனமாகவும் இருக்கட்டும். பெரிய கெண்டை இனங்களுக்கு இதுவே தாராளம்.

அரிவாள்மனை: நம் தாய்மார்களின் கைக்குப் பழகிய கருவி. மனையைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் மீனைப் பிடித்து அலகில் உரசலாம். கத்தி கையில் இல்லாததால் வழுக்கிக் குத்தும் அபாயம் குறைவு. ஆனால் அலகின் கூரான நடுப்பகுதியில் உரசாமல், கட்டையை ஒட்டிய மழுங்கிய அடிப்பகுதியில் உரச வேண்டும். காய்கறிக்கு ஓர் அரிவாள்மனை, மீனுக்கு ஓர் அரிவாள்மனை என்று தனித்தனியாக இருக்கட்டும்.

கரண்டி: கெட்டியான எவர்சில்வர் கரண்டியின் விளிம்பு சிறிய மீனுக்கும், தலையோரம், வயிற்றோரம், துடுப்பின் அடி ஆகிய இடுக்குகளுக்கும் ஏற்றது. தோலைக் கீறாது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

சோடா மூடிச் சுரண்டி: இதை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீளமும் நான்கு சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டியான மரச்சட்டம் ஒன்று, சோடா பாட்டிலின் தகர மூடிகள் மூன்று, துருப்பிடிக்காத திருகாணிகள் மூன்று இருந்தால் போதும். மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள மெல்லிய வில்லையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதில் அழுக்குத் தங்கும். மூடியின் பல் விளிம்பு வெளிப்பக்கம் பார்க்குமாறு வைத்து, நடுவில் திருகாணியை இறுக்குங்கள். சட்டத்தின் பாதியில் மூன்று மூடிகளும் வரிசையாக அமையட்டும், மறுபாதி கைப்பிடி. மூடியில் துரு கண்டவுடன் மாற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

கடைச் சுரண்டி: பல் வைத்த எவர்சில்வர் சுரண்டிகள் பாத்திரக் கடைகளில் கிடைக்கின்றன. சிலவற்றில் செதிலைப் பிடித்துக்கொள்ள மூடியோடு கூடிய சிறு பெட்டியும் உண்டு. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பற்களின் நுனி ஊசிபோல் இல்லாமல் சற்று மழுங்கியிருக்க வேண்டும். கைப்பிடி ஈரக்கையிலும் நழுவாததாக இருக்க வேண்டும்.

உருளை இயந்திரம்: 1957-இல் தொடங்கப்பட்டு, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செதில் நீக்கும் இயந்திரங்களை வடிவமைத்துள்ளது. துளையிட்ட எவர்சில்வர் உருளைக்குள் முழு மீனைப் போட்டுச் சுழற்றும்போது மீன் உருளைச் சுவரில் உரசிச் செதில் கழல்கிறது. மின்மோட்டாரால் சுழல்வதும் உண்டு. கையால் சுற்றுவதும் உண்டு. ஒரே அளவுள்ள மீன்களை ஒன்றாகப் போட வேண்டும். தேவைக்கு மேல் சுழற்றினால் சதை கன்றிப்போகும். ஒரு குட்டைக்காரர் தனியாக வாங்குவது கட்டாது. பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து மாற்றி மாற்றி அறுவடை செய்தால் எண்ணிப் பார்க்கலாம்.

வெந்நீர் பற்றியும் ஒரு வார்த்தை. வெந்நீரில் முக்கினால் செதில் எளிதில் வரும் என்று சிலர் செய்கிறார்கள். செதில் வருவது உண்மைதான்; ஆனால் தோல் அரைவேக்காடாகி உரிந்துவிடும், மீனின் பொலிவும் போகும். விற்பனைக்கான மீனுக்கு வெந்நீர் வேண்டாம்.

செதில் நீக்கும் முறை

இனி முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நிழலான இடத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு பலகையையோ கல்லையோ அமையுங்கள். குனிந்தோ குந்தியோ நெடுநேரம் வேலை செய்தால் கை சோரும். கை சோர்ந்தால் கத்தி வழுக்கும். அரிவாள்மனையில் செய்பவர்கள் அடிக்கடி ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. வாங்குபவர் முன்னிலையில் முழு மீனாக நிறுத்து, விலையைச் சொல்லிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஆய்ந்த பின் எடை குறையும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் வீண்பேச்சு இதனால் தவிரும்.

3. மீனை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, சேற்றையும் வழுவழுப்பையும் போக்குங்கள். உலர்ந்திருந்தால் சிறிது நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

4. ஈரத் துணி ஒன்றைப் பலகையில் விரித்து அதன்மேல் மீனைப் படுக்கவையுங்கள். மீன் வழுக்காது. இன்னொரு சிறு துணியால் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். கல் உப்பு சிறிது தொட்டுக்கொண்டாலும் பிடி கிடைக்கும்.

5. கருவியை மீனின் உடலோடு ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, வாலிலிருந்து தலையை நோக்கிச் சீவுங்கள். நீளமாக இழுக்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் குறுகக் குறுகச் சீவ வேண்டும். கலப்பை அளவுக்கு மீறி ஆழ இறங்கினால் மாடு திணறும்; உழவும் சீராக வராது. அதுபோலக் கருவியும் செதிலின் அடியில்தான் செல்ல வேண்டும், தோலுக்குள் இறங்கக் கூடாது.

6. முதலில் பக்கவாட்டு, அடுத்து முதுகு, கடைசியில் வயிறு. வயிற்றில் தோல் மெல்லியது. அங்கே கையை இலேசாக்குங்கள். துடுப்புகளின் அடியிலும் செவுள் மூடியின் ஓரத்திலும் கரண்டியால் எடுங்கள்.

7. மீனைத் திருப்பி மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். பின்பு தலையிலிருந்து வால்வரை ஒருமுறையும், வாலிலிருந்து தலைவரை ஒருமுறையும் விரலால் தடவிப் பாருங்கள். மீதமுள்ள செதில் விரலில் தட்டும்.

8. நல்ல தண்ணீரில் அலசிய பிறகே வயிற்றைக் கீறுங்கள். குடல் எடுத்த பின் செதில் எடுப்பது தலைகீழ் முறை. வயிறு நிறைந்திருக்கும்போது மீன் உருண்டு திரண்டு கைக்கு வாகாக இருக்கும். குடல் எடுத்தபின் வயிறு தொய்ந்துவிடும், கருவி வழுக்கும், செதிலும் அழுக்கும் திறந்த வயிற்றுக்குள் விழும்.

செதில் நாலாபக்கமும் தெறிக்கிறது என்பது பலரின் குறை. அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மீனைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துச் செதில் எடுத்தால் ஒரு செதில்கூட வெளியே தெறிக்காது. நான்கைந்து மீனுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிட வேண்டும். கடைசியில் புதுத் தண்ணீரில் அலச வேண்டும்.

கைக்குக் காவல்

தாய்மார்களே, இது உங்களுக்கென்று சொல்வது. மீன் ஆயும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழுகிறது. மீனைப் பிடிக்கும் கைக்குச் சொரசொரப்பான ரப்பர் உறையோ கெட்டியான நூல் உறையோ போட்டுக்கொள்ளுங்கள். செதில் கண்ணில் தெறிக்காமல் முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். கையில் ஏற்கெனவே புண் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

கத்தி வெட்டினாலோ முள் குத்தினாலோ "சாம்பல் வைத்தால் ஆறிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மீனின் வழுவழுப்பிலும் குட்டைத் தண்ணீரிலும் உள்ள கிருமிகள் காயத்தில் புகுந்து சீழ் பிடிக்க வைக்கும். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமாக இருந்தாலும், வீங்கிச் சிவந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தசைவிறைப்பு ஊசி தேவையா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலை இழுப்பதற்குப் பத்துப் பேரைக் கூப்பிடுகிறோம். செதில் எடுப்பதற்கு மட்டும் வீட்டுப் பெண்கள் இருவரை உட்கார வைத்துவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறோம். அவசரம்தான் கையை வெட்டுகிறது. அந்த வேலைக்கும் ஆள் கணக்குப் போடுங்கள். ஆய்ந்து கொடுப்பதற்குத் தனிக் கூலி வாங்கினால் அந்தக் கூலி வேலை செய்த கைக்கே போய்ச் சேரட்டும்.

தண்ணீரும் தூய்மையும்

மீனைக் குட்டைத் தண்ணீரிலேயே அலசிக் கொடுப்பது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியலாம். வலை இழுத்துக் கலங்கிய தண்ணீரில் சேறும் கிருமியும் நிறைந்திருக்கும். கடைசி அலசலுக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் பலகை, கத்தி, சுரண்டி, தொட்டி எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளிந்த நீரால் துடைத்து, சற்றுப் பொறுத்து நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அழுக்கைப் போக்காமல் பிளீச்சிங் பவுடரை மட்டும் ஊற்றினால் பயனில்லை. அழுக்கே மருந்தின் வேகத்தைத் தின்றுவிடும்.

கழிவை என்ன செய்வது?

செதிலையும் குடலையும் திரும்பக் குட்டையில் கொட்டாதீர்கள். அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள உயிர்க்காற்றைக் குறைத்துவிடும். மீதமுள்ள மீன் பாதிக்கப்படும். செதிலில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது மெதுவாகத்தான் மட்கும். ஆகவே சாணத்தோடும் இலைதழைகளோடும் கலந்து எருக்குழியில் அடியாழத்தில் போட்டு மண் மூடுங்கள். மேலாகப் போட்டால் நாயும் காக்கையும் கிளறும்.

குடல், செவுள் போன்ற மென்மையான கழிவைச் சம எடை வெல்லத்தோடு கலந்து, மூடிய வாளியில் நிழலில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம் ஆகும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி என்ற அளவில் கலந்து பயிருக்குத் தெளிக்கும் வழக்கம் நம் உழவர்களிடம் பரவியிருக்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கண்ணுக்கும் மூட்டுக்கும் நல்லது என்று மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குவோர் சிலர் உண்டு. புல் கெண்டை, ரோகு போன்றவற்றின் பித்தப்பையைத் தின்று சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். யார் கேட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள், குழியில் புதைத்துவிடுங்கள்.

நிறைவாக

முதலில் சொன்ன குட்டைக்கரைக்கே வருகிறேன். அடுத்த கோடையில் அந்த வீட்டாரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை புளியமரத்து நிழலில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். மீன் பனிக்கட்டித் தொட்டியில் கிடந்தது. மருமகளின் கையில் உறை இருந்தது. கத்தி இல்லை, மாமனார் செய்து கொடுத்த சோடா மூடிச் சுரண்டி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் கூலிக்கு வந்து கூட உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறுமுன் கரை காலியாகிவிட்டது. "நேற்றுப் பிடித்த மீன்" என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் புதிதாகச் செய்தது நான்கு காரியங்கள்தாம். மீனைக் காயவிடவில்லை. வாங்குபவர் வந்த பிறகே செதிலில் கை வைத்தார்கள். வாலிலிருந்து தலைக்குச் சீவினார்கள். வேலை செய்யும் கைக்கு நேரமும் காவலும் கொடுத்தார்கள். இந்த நான்கையும் நீங்களும் உங்கள் அடுத்த அறுவடையில் செய்து பாருங்கள். முதல் பத்து மீனை ஆய்வதற்கு முன்னும் பின்னும் நிறுத்து நோட்டில் குறித்து வையுங்கள். ஆய்ந்த மீனுக்கு என்ன விலை சொன்னால் கட்டும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். தூத்துக்குடியில் 1977-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகத் தொடங்கிய மீன்வளக் கல்லூரி, 2012-இல் மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் உருவானபின் அதன்கீழ் இயங்குகிறது. அங்கும் விவரம் கேட்டு அறியலாம்.

பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த மீன், கடைசி இரண்டு மணி நேரத்தில் மதிப்பிழக்காமல் வாங்குபவரின் கைக்குப் போய்ச் சேரட்டும்.